கொழுந்துக்கு விலை போட்டது யார்?

சென்ற ஆண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைச் சேர்ந்த பெண்கள் பதினெட்டுப் பேரை ஹட்டனுக்கு அண்மையில் உள்ள தோட்டம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களின் சங்கங்களுக்கு இடையே நடந்த அனுபவப் பகிர்வுப் பயணம் அது. குளிர் பழக்கமில்லாத அவர்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றார்கள்.

பின்னேரம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் முதுகுச் சுமையை இறக்கித் தராசில் மாட்டினார்கள். கணக்கப்பிள்ளை கிலோவைச் சொல்லி எழுதினார். எழுதும்போதே "தண்ணிக்கு ரெண்டு" என்று கழித்தார். அன்று மழை இல்லை.

வன்னியிலிருந்து வந்த அக்கா ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டே நின்றார். அவருடைய தாய் தகப்பன் இந்த மலையில் பிறந்தவர்கள். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு எத்தனையோ மலையகக் குடும்பங்களைப் போல அவர்களும் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009 இல் அவர் கணவரை இழந்தார். இப்போது நிலக்கடலை பயிரிட்டு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்.

"இந்தக் கிலோவுக்கு விலை ஆர் போட்டது?" என்று அவர் கேட்டார்.

கூடை இறக்கிக்கொண்டிருந்த வயதான தாய் ஒருவர் சிரித்தார். "நமக்கு என்னாம்மா தெரியும்? தொரை சொல்றது, கணக்கப்புள்ள எழுதுறது. அதோ மிஸ் படிச்ச புள்ள. அதுகிட்டக் கேளுங்க" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லயத்தில் பிறந்தவள். என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். ஆனால் அந்தக் கேள்விக்கு நேராக ஒரு பதில் என்னிடம் இருக்கவில்லை. அன்றிரவு தொடங்கி நான் தேடிப் படித்ததையும், எங்கள் பெண்களிடம் கேட்டு அறிந்ததையும் சகோதரிகளான உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பணத்துக்கு முன்னே வந்தது கடன்

பாடசாலையில் நாம் படித்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஆதியில் மனிதர் பண்டமாற்றுச் செய்தனர். நெல்லைக் கொடுத்து மீன் வாங்கினர். அதில் சிரமம் இருந்தபடியால் பணத்தைக் கண்டுபிடித்தனர் என்பது அந்தக் கதை. 1776 இல் அடம் ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து அறிஞர் எழுதிய நூல் வழியாகவே இது உலகெங்கும் பரவியது.

ஆனால் பல நாடுகளின் மக்களோடு வாழ்ந்து ஆய்வு செய்த மானிடவியலாளர்கள், பண்டமாற்றை மட்டுமே நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்தையும் தாங்கள் காணவில்லை என்கிறார்கள். டேவிட் கிரேபர் என்ற மானிடவியலாளர் 2011 இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பேசினார். அயலவரிடையே முதலில் இருந்தது கொடுக்கல் வாங்கல் கணக்குத்தான் என்பது அவர் கருத்து. இன்று நான் உனக்கு ஒரு கொத்து அரிசி தருகிறேன். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நீ வந்து பார்க்க வேண்டும். மெசொப்பொத்தேமியாவில், இன்றைய ஈராக் பகுதியில், நாணயம் அடிப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கோயில் கணக்கர்கள் களிமண் பலகையில் யார் எவ்வளவு வாற்கோதுமை தரவேண்டும் என்று எழுதி வைத்தார்கள்.

இது நமக்குப் புதிதா? தோட்டக் கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொப்பி உண்டு. மாவும் சீனியும் கருவாடும் அதில் ஏறும். சம்பளத்தன்று அது கழியும். மாதம் முழுவதும் காசைக் கண்ணால் காணாமலே குடும்பம் நடக்கிறது. நடத்துவது அந்தக் கொப்பியும் அதன் மேலுள்ள நம்பிக்கையும்தான்.

அயலவர் அல்லாதவரோடு, முகமறியாத தூரத்து மனிதரோடு கொள்வனவு செய்யும்போதுதான் இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பொருள் தேவைப்பட்டது. அது ஒவ்வோரிடத்தில் ஒவ்வொன்றாக இருந்தது. பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றே பொருள். மாலைதீவுக் கடலில் பொறுக்கிய சோழிகள் வங்காளத்தில் காசாகப் புழங்கின. எத்தியோப்பியாவில் உப்புக் கட்டி காசானது. மெக்சிக்கோவில் கொக்கோ விதை காசானது. திபெத்திலும் மொங்கோலியாவிலும் எது காசாக இருந்தது தெரியுமா? இறுக்கிக் கட்டியாக்கிய தேயிலை. இதைச் சொன்னபோது அந்த வயதான தாய், "அப்ப நாம எல்லாரும் காச முதுகுல தூக்கிக்கிட்டுத்தான் திரியிறோம்" என்றார்.

முத்திரை குத்திய நாணயம் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியான லிடியாவில் கி.மு. 7 ஆம் நூற்றாண்டளவில் தோன்றியது. நம் யாழ்ப்பாண அரசர்கள் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் பொறித்த காசுகளை வெளியிட்டார்கள். கண்டி இராச்சியத்தில் தூண்டில் போல வளைத்த வெள்ளிக் கம்பி காசாக இருந்தது. 1660 இலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், அந்தக் கம்பிக் காசை அரசனின் அனுமதியோடு மக்களே செய்துகொண்டார்கள் என்று எழுதியிருக்கிறார். சந்தேகம் வந்தால் நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெள்ளை வெளேரென்று வந்தால்தான் அது செல்லும்.

இவை அனைத்திலும் பொதுவான ஒன்று உண்டு. சோழியைச் சமைத்து உண்ண முடியாது. கம்பியை உடுக்க முடியாது. எல்லோரும் ஏற்பார்கள் என்று எல்லோரும் நம்பியதாலேயே அவற்றுக்குப் பெறுமதி வந்தது.

ஒரு வங்கி மூடிய நாள்

அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மலைநாடே சாட்சி.

தேயிலைக்கு முன்னர் இங்கே பயிரானது கோப்பி. 1869 இல் கோப்பி இலையில் ஒரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்கள் பட்டுப்போயின. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவை மூடியது. அன்று இலங்கையில் பெரும்பாலும் புழங்கிய தாள் காசு அந்த வங்கியின் தாள்தான். காலையில் காசாக இருந்தது மாலையில் வெறும் கடதாசியாகிவிடும் நிலை. அப்போது தேசாதிபதியாக இருந்த ஆர்தர் கோர்டன், அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். பதற்றம் அடங்கியது. அதே ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசாங்கமே தாள் காசு வெளியிடத் தொடங்கியது.

தாள் மாறவில்லை, மையும் மாறவில்லை. 'நான் பொறுப்பு' என்று ஒருவர் சொன்ன சொல்தான் அதைக் காப்பாற்றியது. அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்த நம் முன்னோருக்கு மாதக் கணக்கில் கூலி நிலுவையில் கிடந்தது. வங்கித் தாளுக்குப் பொறுப்பேற்க ஒருவர் உடனே முன்வந்தார். உழைத்தவரின் கூலிக்கு அவ்வளவு விரைவாக யாரும் வரவில்லை. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானிப்பவர் யாரோ, பெறுமதியைத் தீர்மானிப்பவரும் அவரே என்பதை இதில் கண்டேன்.

மனிதரே ஈடான 'துண்டு'

இன்னொரு கடதாசியின் கதையை நாம் மறக்கக்கூடாது. அதன் பெயர் 'துண்டு'.

தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி, வழிச்செலவுக்கும் கம்பளிக்கும் சட்டிபானைக்கும் அரிசிக்கும் முன்பணம் கொடுத்து அதைக் கடனாக எழுதினார். அந்த ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், தோட்டத்துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இவ்வளவு தொகையைக் கட்டினால் இத்தனை ஆட்களை விடுவிக்கிறேன் என்பது அதன் சாரம். புதிய தோட்டத்துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை ஆட்களின் பெயரிலேயே மீண்டும் கடனாக ஏறும். ஆள் தட்டுப்பாடு கூடக்கூடத் துண்டின் தொகையும் கூடியது. ஒரு துண்டைக் காட்டிக் கங்காணி இன்னும் கடன் வாங்கவும் முடிந்தது.

சற்று யோசித்துப் பாருங்கள். கை மாறிய அந்தக் கடதாசியும் ஒரு வகைப் பணம்தான். வங்கித் தாளுக்குப் பின்னால் வெள்ளியோ அரசாங்கமோ இருந்தது. துண்டுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன் பாட்டிமார். 1921 இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 'கூலி' என்பது தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். ஆங்கிலத்தில் அதே ஒலியோடு வழங்கிய சொல் மனிதரையே குறித்தது. ஊதியத்தின் பெயர் ஆளின் பெயரானதில் எவ்வளவு இழிவு அடங்கியிருக்கிறது!

கடனுக்காக மனிதரைப் பிடித்து வைப்பது பழைய உலகிலும் இருந்தது. மெசொப்பொத்தேமியாவில் கடன் கட்ட முடியாதவர்கள் தம் பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தார்கள். நிலைமை முற்றியபோது சில அரசர்கள் கடன்களை ரத்துச் செய்து அவர்களை விடுவித்தார்கள். அந்த விடுதலையைக் குறிக்கச் சுமேரிய மொழியில் 'அமர்கி' என்ற சொல் இருந்தது. அதன் நேரான பொருள் 'தாயிடம் திரும்புதல்'. இதை நான் சொன்னபோது வன்னிப் பெண்கள் சிலர் முகத்தை மூடிக்கொண்டார்கள். பிள்ளை திரும்பி வருவதற்காகக் காத்திருப்பது என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெண்ணுக்கு 43 சதம்

இனி நேரடியாக அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

கொழுந்து தேயிலைத்தூளாகி விலை பேசப்படுவது கொழும்பில். 1883 ஜூலையில் அங்கே முதல் தேயிலை ஏலம் நடந்தது. சுவை பார்ப்பவர்கள் தூளின் நிறத்தையும் மணத்தையும் சுவையையும் பார்த்துத் தரம் சொல்வார்கள். வாங்குவோர் போட்டியிட்டு விலை கேட்பார்கள். கொரோனாக் காலத்தில், 2020 முதல், இந்த ஏலம் கணினி வழியாக நடக்கத் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு தோட்டத்தின் தேயிலைக்கும் தனித்தனி விலை உண்டு.

பறித்த கைக்கு விலை பேசப்படுவது வேறிடத்தில். 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தோட்டத் தொழிலாளருக்கு முதன்முறையாகக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள். மலையுச்சித் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தேயிலைத் தோட்டத்தின் உயிர்நாடி கொழுந்து. அதைப் பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அப்படியிருந்தும் பெண்ணின் நாள் ஆணின் நாளில் ஐந்தில் நான்கு பங்குதான் என்று எழுதி வைத்தார்கள். எந்தத் தராசில் நிறுத்து இதைக் கண்டார்கள்? எந்தத் தராசிலும் இல்லை. பெண் என்றால் குறைவு என்று சமூகம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. சட்டம் அதை எண்ணில் எழுதியது.

அந்த எண் சமமாக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் பின்னரே தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. 'இயற்கையான விலை' என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சொல்லப்பட்டது, பெண்களும் ஆண்களும் சேர்ந்து மலையிறங்கி நின்றபோது மாறிவிட்டது. பேசித் தீர்மானிக்கும் விலையை மீண்டும் பேசி மாற்றலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

1992 இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் செய்து சம்பளத்தை முடிவு செய்தன. ஆயிரம் ரூபா வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி, 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் மூலம் அது கிடைத்தது. 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக உயர்ந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக உயர்த்தவும், அதற்கு மேல் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாவை அரசு தரவும் முன்மொழியப்பட்டது. ஆனால் இந்தத் தொகை முழுமையாகக் கைக்கு வருவதற்குக் குறித்த கிலோவைப் பறித்தாக வேண்டும். பறிக்காவிட்டால் 'அரைப்பேர்'. மழையும் வரட்சியும் பராமரிப்பில்லாத தேயிலையும் அந்தக் கிலோவைத் தீர்மானிக்கின்றன. தராசில் தண்ணீருக்கென்று கழியும் ஒவ்வொரு கிலோவும் எவ்வளவு பெரியது என்று இப்போது விளங்கும்.

ஆயிரம் ரூபா எங்கே போனது?

தாளில் எழுதிய எண் கூடினால் பெறுமதி கூடிவிட்டது என்று நாம் நினைத்துவிடுகிறோம். 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா கிடைத்தபோது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதாவது நாட்சம்பளம் 5 டொலர். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. அவ்வாண்டின் நடுவில் ஒரு டொலர் ஏறத்தாழ 360 ரூபா. அதே ஆயிரம் ரூபா 3 டொலரும் இல்லை. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. கோதுமை மாவில் ரொட்டி சுட்டு வயிறு நிரப்பும் லயங்களில் ரொட்டியின் அளவு சுருங்கியது. யாரும் வந்து திருடவில்லை. கையிலிருந்த தாளுக்குள்ளேயே ஆயிரம் ரூபா கரைந்தது.

இன்னொரு விந்தையும் நடந்தது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை 251 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. அதைத் தேயிலையாகக் கொடுப்பது என்று 2021 டிசெம்பரில் உடன்பாடு செய்துகொண்டார்கள். மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை என்பது ஏற்பாடு. 2023 இல் அனுப்பத் தொடங்கினார்கள். டொலர் இல்லாத நாட்டுக்குக் கொழுந்து பணமாயிற்று. நாட்டின் கடனை இறக்கியது நம் பெண்களின் விரல்கள். ஆனால் அந்த விரல்களுக்குரிய வீட்டின் கடைக் கொப்பி இறங்கவில்லை.

நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய நாட்கள்

போருக்குள் வாழ்ந்த உங்களுக்குப் பெறுமதி என்றால் என்ன என்று நான் கற்பிக்க வரவில்லை. நீங்கள்தான் எனக்குக் கற்பித்தீர்கள்.

பொருளாதாரத் தடையிருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் ஒரு போத்தல் எவ்வளவு அரிதாக இருந்தது, ஜாம் போத்தலில் திரி போட்டுப் பிள்ளைகளை எப்படிப் படிக்க வைத்தீர்கள் என்று சொன்னீர்கள். கடைசி மாதங்களில் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துப் பால்மா வாங்கியதைச் சொன்னீர்கள். "பவுணை ஆர் அந்த நேரம் பாத்தது? பங்கருக்கை ஒரு வாய்த் தண்ணிதான் பவுண்" என்றார் முல்லைத்தீவுத் தாய் ஒருவர். வைரத்தைவிடத் தண்ணீர் பயனுள்ளது, ஆனால் வைரத்துக்குத்தான் விலை அதிகம், ஏன் என்று பொருளியல் நூல்களில் ஒரு பழைய கேள்வி உண்டு. அந்தத் தாய் ஒரே வரியில் விடை சொல்லிவிட்டார்.

இன்னும் சிலரிடம் மடித்து மடித்துக் கிழிந்த சிட்டைகள் இருக்கின்றன. கிளிநொச்சியில் புலிகளின் நிர்வாகத்தில் இயங்கிய தமிழீழ வைப்பகத்தில் நகை அடைவு வைத்ததற்கான சிட்டைகள் அவை. 2009 உடன் அந்த வைப்பகம் இல்லாமற்போனது. 2014 இல் ஒரு பகுதியினருக்கு நகைகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. 2025 மே மாதத்தில் இராணுவத்தின் பொறுப்பில் இருந்த ஒரு தொகுதி நகை பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டது. 1884 இல் வங்கித் தாளுக்கு 'நான் பொறுப்பு' என்று ஒரு சொல் கிடைத்தது. இந்தச் சிட்டைகள் அந்தச் சொல்லுக்காக இன்னும் காத்திருக்கின்றன. உங்களிடம் சிட்டை இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்து வையுங்கள்.

நூறு ரூபாத் தாளில் அம்மா

1991 ஆம் ஆண்டுத் தொடரில் வந்த நூறு ரூபாத் தாளின் பின்பக்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் இருந்தது. சிறுமியாக இருந்தபோது அதை அம்மாவிடம் காட்டி, "இது நீங்கதானே?" என்று கேட்டிருக்கிறேன். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கும். ஆனா எங்கிட்ட இது தங்க மாட்டேங்குதே" என்றார். அந்தத் தாள் வெளிவந்த ஆண்டில் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் நூறு ரூபாவை எட்டியிருக்கவில்லை.

அம்மாவிடம் தங்காததற்கு வேறு காரணமும் இருந்தது. சம்பளத்தன்று அம்மாவின் பெயரைக் கூப்பிடும்போது கை நீட்டியவர் அப்பா. எங்கள் லயத்தில் பல வீடுகளில் அப்படித்தான். அப்பா கெட்டவர் அல்ல. ஆனால் காசு வீடு வந்து சேரும்போது பாதி சாராயக் கடையில் நின்றுவிடும். அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறி, பறித்து, இறங்கி, தண்ணீர் தூக்கி, விறகு பொறுக்கி, மீண்டும் சமைத்தார். இதில் செக்ரோலில் ஏறியது மலையில் நின்ற நேரம் மட்டும். ஒரு நாட்டின் உற்பத்தியைக் கணக்கிடும் முறையில், வீட்டில் சமைப்பதும் துவைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் சேர்வதில்லை. இதே வேலையை ஹோட்டலில் செய்தால் சேரும். நியூசிலாந்தைச் சேர்ந்த மர்லின் வேரிங் என்ற பெண்மணி 1988 இல் எழுதிய நூலில் இந்தக் கணக்கை விரிவாகக் கேள்வி கேட்டார். அதற்கும் முன்னர், 1975 ஒக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 வீதமானோர் வீட்டு வேலை, வெளிவேலை இரண்டையும் ஒரு நாள் நிறுத்தினார்கள். நாடே திணறியது.

அம்மா வேலைநிறுத்தம் செய்யவில்லை. நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது ஒரு சம்பள நாளில் வரிசையில் தானே போய் நின்றார். அப்பா தள்ளி நின்றார். அன்று வீட்டில் பெரிய சண்டை. அடுத்த மாதமும் அம்மா வரிசையில் நின்றார். அந்தக் காசில்தான் நான் உயர்தரம் படித்தேன். என் படிப்பின் விலை என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்வது அந்த இரண்டு சண்டைகளை.

நாம் கணக்குப் பார்க்க வேண்டியவை

பணத்தின் பெறுமதி மனிதர் கூடிச் செய்யும் தீர்மானம் என்றால், அந்தக் கூட்டத்தில் நாமும் இருக்க வேண்டும். பெரிய காரியங்கள் அல்ல, வீட்டிலிருந்தே தொடங்கக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கடனின் விலையை அறியுங்கள். அதன் பெயர் வட்டி. ஒருவர் 10,000 ரூபா தந்து, வாரம் 500 வீதம் 25 வாரம் கட்டச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவது 12,500. "25 வீதம்தான்" என்பார். ஆனால் முதல் வாரத்திலிருந்தே நீங்கள் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். ஆகவே சராசரியாக உங்கள் கையில் இருப்பது 5,000 ரூபாவுக்குச் சற்று அதிகம் மட்டுமே. அதற்கு அரை ஆண்டில் 2,500 வட்டி. ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 வீதம்! நுண்கடனில் சிக்கிய பெண்களின் துயரம் பெரிதானதால், 2018 இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் கட்டத் தவறிய, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. துண்டு ஒழிந்து நூறாண்டு ஆகிவிட்டது. வேறு பெயரில் அது நம் வாசலுக்கு வருவதை நாமே கண்டுகொள்ள வேண்டும்.

இரண்டாவது, சம்பளச் சிட்டையை வாசியுங்கள். கழித்த ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று இன்றே பாருங்கள். என் அம்மாவின் பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தபடியால், ஓய்வுபெற்று ஓராண்டுக்கு மேல் அலைந்தோம்.

மூன்றாவது, உங்கள் சொந்தப் பணம் உங்களிடமே உண்டு. சீட்டுப் பிடிப்பதும், சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பதும், மாதர் சங்கத்தில் சிறுகச் சேமிப்பதும் நம் தாய்மார் கண்ட வழிகள். சீட்டில் வங்கியும் இல்லை, முத்திரையும் இல்லை. இவள் கட்டுவாள் என்ற நம்பிக்கை மட்டுமே உண்டு. கோர்டன் துரை கொடுத்த வாக்குக்குக் குறைந்ததல்ல அது. ஆனால் அதையும் கொப்பியில் எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டி நடத்துங்கள். நம்பிக்கையைக் காப்பது கணக்கு.

மீண்டும் மடுவம்

வன்னி அக்காவின் கேள்வி அந்த மடுவத்தோடு போகவில்லை. அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, அந்தத் தோட்டத்துப் பெண்கள் ஏழு பேர் பிள்ளைகளின் பாடக்கொப்பி ஒன்றை எடுத்துக் கிலோவை எழுதத் தொடங்கினார்கள். எழுதத் தெரியாதவருக்குப் பேத்தி எழுதினாள். எவ்வளவு நிறுத்தது, எவ்வளவு கழித்தது, அன்று மழையா வெயிலா என்று மூன்றே மூன்று நிரல்கள். மாத முடிவில் கூட்டிப் பார்த்தபோது, வெயில் நாளிலும் தண்ணீருக்குக் கழித்த கிலோ எவ்வளவு என்று அவர்கள் கண்ணாலே கண்டார்கள். கொப்பியோடு போய்ப் பேசினார்கள். முதலில் ஏச்சுத்தான் கிடைத்தது. இரண்டாம் மாதமும் கொப்பியோடு போனார்கள். இப்போது வெயில் நாளில் கழிப்பது ஒரு கிலோவாகக் குறைந்திருக்கிறது. அந்த ஒரு கிலோவும் ஏன் என்று அடுத்து கேட்கப் போகிறார்களாம்.

இதைத் தொலைபேசியில் வன்னி அக்காவுக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கட கடலைக்கும் யாவாரி மூட்டைக்கெண்டு ரெண்டு கிலோ கழிக்கிறவர். நாளைக்கு நானும் ஒரு கொப்பி வாங்கப்போறன்" என்றார்.